வயசு போன, வருத்தமுள்ள கினிபிக்கைப் பராமரிக்கிறது: முதல் நாளில இருந்து கடைசி நாள் வரைக்கும்

எங்கட வீட்டில ரெண்டு ஆண் கினிபிக் (கினி எலி எண்டும் சொல்லுறது), புட்டு, கட்டி எண்டு பேர், ரெண்டும் ஒரே ஈத்துச் சகோதரங்கள். அதுகள் ஆறு வயசு தாண்டேக்க நான் பட்ட பாட்டையும், பேந்து தெரிஞ்ச ஆக்கள் தங்கட கினிபிக்கைத் தூக்கிக்கொண்டு வந்து "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" எண்டு சொல்லி அழுததையும் பாத்த பிறகுதான் இதை எழுதுறன். நேற்று வரைக்கும் நல்லா இருக்கேல்ல, இருந்த மாதிரிக் காட்டினது. வருத்தத்தை ஒளிக்கிற மிருகம் அது, பலவீனத்தை வெளியில காட்டினால் பருந்தோ கீரியோ தூக்கிக்கொண்டு போயிடும் எண்டது அதுகளின்ர ரத்தத்தில கிடக்கு.

கினிபிக் அஞ்சில இருந்து எட்டு வருசம் வரைக்கும் இருக்கும். நாலு அஞ்சு வயசில இருந்தே கிழடு எண்டு வைச்சு நடத்துங்கோ. கீழ இருக்கிற ஒழுங்கை மாத்தாமச் செய்யுங்கோ, ஏனெண்டால் கன பேர் ஒம்பதாவது பகுதியில இருந்து தொடங்கினம், அதாவது வருத்தம் வந்த பிறகு, இரவு பத்து மணிக்கு சிரிஞ்ச் தேடி அலைஞ்சு.

1. வருத்தம் வர முதலே சாமான் எடுத்து வையுங்கோ

கினிபிக்கின்ர குடல் நிக்காம ஓடிக்கொண்டே இருக்கோணும். 12 மணித்தியாலம் சாப்பிடாட்டிக் குடல் மெல்ல நிக்கத் தொடங்கும், 24 மணித்தியாலம் போனால் உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்துக்க கடை திறந்திருக்குமோ எண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலாது, அதால இதெல்லாம் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்க போட்டு மூடி வையுங்கோ.

- 5 கிலோ வரைக்கும் நிறுக்கிற டிஜிட்டல் குசினித் தராசு. ஒரு கிராம் வித்தியாசமும் காட்டோணும்.
- ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் பத்து, 5 மில்லி ரெண்டு. ஃபார்மசியில கிடைக்கும்.
- வெறும் வைட்டமின் சி குளிசை, 100 மில்லிகிராம்.
- கினிபிக் பெலட் (அமத்திச் செய்த குறுணித் தீன்) ஒரு பக்கற். தினம் குடுக்கிறதுக்கு இல்ல, கரைச்சு ஊட்ட.
- பஞ்சுக்குச்சி, தேங்காய் எண்ணெய், நகவெட்டி, சின்ன டோர்ச், பழைய துவாய் நாலு.
- ஒரு கொப்பி, பேனை.

போனில எழுதி வைக்கலாம்தானே எண்டு கேப்பீங்கள், எழுதலாம், ஆனா வீட்டில வேற ஆக்கள் பாக்க வேண்டி வந்தால் கொப்பிதான் உதவும். அம்மாவுக்கு என்ர போன் திறக்கத் தெரியாது, கூட்டுக்குப் பக்கத்தில நூலில கட்டித் தூக்கின கொப்பியைப் பாத்து அவவே மருந்து குடுத்தவ.

2. தினம் நிறுவைப் பாருங்கோ

இது ஒண்டை மட்டும் செய்தாலே போதும் எண்டு சொல்லுற அளவுக்கு இது முக்கியம். தராசில ஒரு பிளாஸ்டிக் பேசினை வைச்சு, சைபர் ஆக்கி, கினிபிக்கை அதுக்க விட்டு, ஒரு கொத்தமல்லித் தண்டு குடுத்தால் அசையாம நிக்கும். காலமை, சாப்பாடு வைக்க முதல், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில. சாப்பிட்ட பிறகும் மூத்திரம் போன பிறகும் நிறை மாறும், அதாலதான் ஒரே நேரம் எண்டு சொல்லுறன்.

வளந்த கினிபிக் 700 கிராமில இருந்து 1200 கிராம் வரைக்கும் இருக்கும். உங்கட கினிபிக்கின்ர வழமையான நிறை எவ்வளவு எண்டதுதான் முக்கியம், மற்றவையின்ர இல்ல. 30 கிராம் கூடிக் குறையிறது வழமை. 60 கிராம் குறைஞ்சால் அண்டைக்கே பல்லு, சாப்பாடு, புழுக்கை எல்லாம் வடிவாப் பாருங்கோ. 90 கிராம் குறைஞ்சால் டொக்டரிட்ட போங்கோ, "சாப்பிடுதுதானே" எண்டு இருக்க வேண்டாம்.

ஏன் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது எண்டால் மயிர் மறைச்சுப்போடும். பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி தன்ர கினிபிக் "குண்டா இருக்கு" எண்டு கொண்டு வந்தவள், தூக்கினவுடன முள்ளந்தண்டு விரலில தட்டுப்பட்டது. நிறுத்துப் பாக்க 580 கிராம். வாய்க்குள்ள பல்லு வளந்து நாக்கை அமத்திக்கொண்டு இருந்திருக்கு, புல்லுக்குக் கிட்டப் போகும், வாயில எடுக்கும், பேந்து விழுத்தும். அவள் கிட்டப் போனதை மட்டும் பாத்துச் சாப்பிடுது எண்டு நினைச்சிட்டாள்.

3. வெக்கையை அடக்குங்கோ

சாப்பாட்டை விட முதல் இதை வைக்கிறதுக்குக் காரணம் எங்கட ஊர் யாழ்ப்பாணந்தான். கினிபிக்குக்குச் சுகமான சூடு 18 இல இருந்து 24 பாகை. எங்களுக்குச் சித்திரையில வீட்டுக்குள்ளயே 30க்கு மேல நிக்கும். இளம் கினிபிக்குக்கே அது ஆபத்து, இதயமோ சுவாசமோ பலவீனமான கிழடு ஒரு மத்தியானத்திலயே போயிடும்.

தகரம், சீற் போட்ட அறையில வைக்காதேங்கோ. ஓட்டு வீட்டில வடக்குப் பக்க அறை, சீமெந்துத் தரையில, யன்னலுக்கு நேர இல்லாம. சோளகம் வீசுற மாதங்களில யன்னலில ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் வாற காத்துக் குளிர்ந்து வரும், எங்கட அம்மம்மா தண்ணிப் பானைக்குச் செய்த வேலைதான் இது. காத்துக் கினிபிக்கில நேர அடிக்கக் கூடாது, அறைக்குள்ள சுத்தினால் போதும். ஃபானையும் சுவருக்குத் திருப்பி வையுங்கோ.

பிளாஸ்டிக் போத்தலில தண்ணி நிரப்பி உறைய வைச்சு, துணி சுத்தி கூட்டின்ர ஒரு மூலையில வையுங்கோ. ஒரு மூலையில மட்டும், குளிர் வேணாமெண்டால் விலகிப் போகத்தானே இடம் வேணும். கரண்ட் போற நாளுக்கெண்டு பிரிட்ஜில எப்பவும் நாலு போத்தல் உறைஞ்சு கிடக்கோணும். பழைய கூரை ஓடு ஒண்டைக் கழுவிக் கூட்டுக்க வைச்சால் அதில வயித்தை அமத்திக்கொண்டு படுக்கும்.

வெக்கை அடிச்சிட்டுது எண்டதுக்கு அடையாளம், நீட்டிப் படுத்து வேகமா மூச்சு வாங்கும், வாயால உமிழ்நீர் வடியும், காது சிவந்து சூடா இருக்கும். உடன குளிர்ந்த இடத்துக்கு மாத்தி, சாதாரண தண்ணியால காதையும் பாதத்தையும் நனையுங்கோ. ஐஸ் தண்ணிக்குள்ள முக்காதேங்கோ, அந்த அதிர்ச்சியே கொண்டுபோடும். வாய்க்குள்ள தண்ணியைப் பலவந்தமா ஊத்தவும் வேண்டாம், புரைக்கேறும். நனைச்ச கையோட டொக்டரிட்ட வெளிக்கிடுங்கோ.

மாரி காலத்தில பிரச்சினை குளிர் இல்ல, ஈரம். வாடைக் காத்தோட சாரல் கூட்டில விழுந்தால் நெஞ்சில சளி வைக்கும், மூட்டு நோவும் கூடும்.

4. கூட்டை வயசுக்கு ஏத்த மாதிரி மாத்துங்கோ

கம்பி அடி உள்ள கூடு எண்டால் இண்டைக்கே மாத்துங்கோ. கிழட்டுக் கினிபிக் கனநேரம் ஒரே இடத்தில இருக்கும், கம்பி பாதத்தை அறுத்துப் புண்ணாக்கும், அந்தப் புண் எலும்பு வரைக்கும் போகும். தரையில பழைய துவாயோ தடிச்ச பெட்சீற்றோ ரெண்டு மூண்டு மடிப்பாப் போட்டு, ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ.

ஏணி, மேல் தட்டு எல்லாத்தையும் கழட்டுங்கோ. மூட்டு வாதம் இருந்தாலும் ஏறப் பாக்கும், விழும். தண்ணிப் போத்தலின்ர குழாயைக் கொஞ்சம் பதிச்சு, பக்கத்தில ஒரு தட்டைக் கிண்ணத்திலயும் தண்ணி வையுங்கோ, கழுத்துத் தூக்க ஏலாத நாளில அதைத்தான் குடிக்கும்.

ஒளிச்சிருக்க ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிட்டு, விளிம்பில ரெண்டு வாசல் வெட்டி விட்டால் அதை விட நல்ல வீடு காசு குடுத்தும் வாங்கேலாது. காத்துப் போகும், கடிச்சாலும் பிழையில்ல, நைஞ்சு போனால் வேற வாங்கலாம். சாயம் போட்ட கடகம் வேண்டாம். வாசல் ரெண்டு இருக்கோணும், ஒண்டுதான் எண்டால் மற்றக் கினிபிக் வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டால் இது உள்ள மாட்டுப்பட்டுப்போடும்.

கண்ணில வெள்ளை விழுந்தால் அதுக்குப் பிறகு கூட்டுக்குள்ள ஒண்டையும் இடம் மாத்தாதேங்கோ. கட்டிக்கு ரெண்டு கண்ணும் தெரியாம ஒரு வருசம் இருந்தவன், புல்லு, தண்ணி, கடகம் மூண்டும் வைச்ச இடத்தில இருந்தபடியால் ஒரு இடத்திலயும் முட்டேல்ல.

5. சாப்பாடு: முதல் புல்லு, பிறகு தண்ணி, பிறகு வைட்டமின் சி

புல்லு

சாப்பாட்டில முக்கால்வாசிக்கு மேல புல்லுத்தான். பல்லு 20, எல்லாம் சாகும் வரைக்கும் வளரும், புல்லை அரைச்சாத்தான் தேயும். வெளிநாட்டு வீடியோவில சொல்லுற திமோதிப் புல்லு எங்களுக்குச் சுகமாக் கிடைக்காது, கிடைச்சாலும் விலை. அதுக்காகக் கவலைப்படாதேங்கோ, அறுகம்புல்லு நல்ல சாப்பாடு, வளவில நிக்கிற கினிப்புல்லும் நல்லம். பச்சையாவும் குடுக்கலாம், காய வைச்சும் குடுக்கலாம்.

எங்க வெட்டுறீங்கள் எண்டதுதான் விசயம். தோட்டக் கரையில வெட்டாதேங்கோ, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிச்ச மருந்து வரம்புப் புல்லிலயும் படிஞ்சிருக்கும். ரோட்டுக்கரைப் புல்லும் வேண்டாம், புகையும் நாய் மூத்திரமும். சொந்த வளவு, இல்லாட்டி மருந்தடிக்காத ஆக்களின்ர வளவு.

காய வைக்கேக்க வெயிலில ஒரு நாள், பிறகு நிழலில ரெண்டு நாள். பச்சை நிறம் கொஞ்சம் நிக்கோணும், நல்ல மணம் வரோணும். மாரியில வடிவாக் காயாமச் சொப்பின் பைக்குள்ள கட்டினால் பூஞ்சணம் பிடிச்சிடும், பூஞ்சணம் பிடிச்சதைக் குடுக்கவே கூடாது, சாக்கில போட்டுத் தூக்கி வையுங்கோ. வைக்கல் கடிக்கப் பரவாயில்ல, ஆனால் அதில சத்து இல்ல, தூசியும் கூட, அதை நம்பி வளக்க ஏலாது.

கோழித்தீன் போடாதேங்கோ. கனபேர் செய்யிற பிழை. அதில கோழிக்கெண்டு கலந்த மருந்து இருக்கும், மாச்சத்தும் கூட. சோறு, பாண், பிஸ்கற், பால், வெங்காயம், உருளைக்கிழங்கு, அவகாடோ இதொண்டும் வேண்டாம்.

தண்ணி

எங்கட குடாநாட்டுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியில அந்தச் சுண்ணாம்பு கரைஞ்சு வருகுது. கேத்திலுக்க வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பீங்கள். கினிபிக் சாப்பாட்டில இருக்கிற கல்சியத்தைக் கனக்க உறிஞ்சி, மிச்சத்தை மூத்திரத்தாலதான் வெளியேத்தும், அதாலதான் அதுகளுக்குச் சலக்கல்லு வழமையான வருத்தம். தண்ணி மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல ஏலாது, ஆனால் ஏற்கனவே கல்லு வந்த கினிபிக்குக்கு வடிகட்டின தண்ணி குடுக்கிறது நல்லம். கனக்கக் குடிக்கப் பண்ணுறது அதைவிட நல்லம், மரக்கறியை நனைச்சு ஈரத்தோட வைச்சால் தண்ணி தானா உள்ள போகும்.

கல்லு வந்ததுக்கு முருங்கை இலை, பசளி, பொன்னாங்காணி குடுக்காதேங்கோ. சத்து எண்டு நினைச்சுத்தான் எங்கட ஆக்கள் முதல்ல முருங்கையை ஒடிச்சுப் போடுறது.

வைட்டமின் சி

மனுசரைப் போலவே கினிபிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில ஊறாது. சாதாரணமா ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 10 இல இருந்து 30 மில்லிகிராம் வேணும், வருத்தக்காரருக்குக் கூட வேணும், 50 வரைக்கும் டொக்டர் சொல்லுவார். குறைஞ்சால் மூட்டு வீங்கும், நடக்க மாட்டுது, மயிர் பரட்டையாகும், பல்லு முரசால ரத்தம் வரும், புண் ஆறாது. வயசு போனபடியால்தான் நடக்குதில்ல எண்டு விட்ட ரெண்டு கினிபிக், வைட்டமின் சி குடுத்து ஒரு கிழமையில நடந்ததை நான் கண்ணால கண்டனான்.

கொய்யாப்பழத்தில 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, கறிமிளகாயில கிட்டத்தட்ட 80. திருநெல்வேலிச் சந்தையிலயோ சுன்னாகத்திலயோ ரெண்டும் எப்பவும் கிடக்கும். கறிமிளகாயில விதையை எடுத்துப்போட்டு ரெண்டு விரல் அகலத் துண்டு தினமும். கொய்யா இனிப்பு, அதால பெருவிரல் அளவு துண்டு, கிழமையில ரெண்டு மூண்டு தரம் போதும், விதையை எடுத்திடுங்கோ. கொத்தமல்லி, வல்லாரை ஒரு சின்னப் பிடி.

வருத்தக்காரருக்கு இதை நம்பி இருக்காம 100 மில்லிகிராம் குளிசையில கால்வாசியை நசிச்சு 1 மில்லி தண்ணியில கரைச்சு சிரிஞ்சால குடுங்கோ, அது 25 மில்லிகிராம். மல்டிவைட்டமின் குடுக்கக் கூடாது, அதில இருக்கிற வைட்டமின் ஏயும் வைட்டமின் டீயும் கூடிப்போகும். தண்ணிப் போத்தலுக்க கரைச்சு விடவும் வேண்டாம், வெளிச்சத்தில சத்து அழியும், ருசி மாறினதால குடிக்கிறதும் குறையும், அப்ப ரெண்டும் நட்டம்.

6. கிழமைக்கு ஒருக்கால் தலையில இருந்து வால்ப்பக்கம் வரைக்கும் பாருங்கோ

மடியில துவாயைப் போட்டு இருத்தி, ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒழுங்கில பாத்தால் ஒண்டும் தவறாது.

மூக்கு, கண்ணில சளி, பீளை. நாடி (வாய்க்குக் கீழ) ஈரமா இருந்தால் பல்லுப் பிரச்சினை. முன்பல்லு நேரா இருந்தால் சரி எண்டு இருக்காதேங்கோ, கடைவாய்ப் பல்லுத்தான் வளைஞ்சு நாக்குக்கு மேல பாலம் போடுறது, அது வெளியில தெரியாது, டொக்டர்தான் கருவி வைச்சுப் பாக்கோணும்.

விலாவில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மயிர் கொட்டி, ஆனால் சொறியாம இருக்கிற பெட்டை எண்டால் சூலகத்தில நீர்க்கட்டி இருக்கக்கூடும். சொறிஞ்சு சொறிஞ்சு கொட்டினால் சொறிப் பூச்சி, அது கண்ணுக்குத் தெரியாது. நாய்க்குப் பூசுற உண்ணி மருந்தை மட்டும் எடுத்துப் பூசிப்போடாதேங்கோ.

பாதம் சிவந்திருந்தால், ஒரு கப் கொதிச்சாறின தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கழுவி வடிவா ஒத்தி எடுங்கோ. பொருக்கை உரிக்காதேங்கோ. பாதம் பந்து மாதிரி வீங்கினால் வீட்டு வைத்தியம் இல்ல. நகம் மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கால், கறுப்பு நகமெண்டால் பின்னால டோர்ச் அடிச்சால் ரத்தம் ஓடுற இடம் தெரியும்.

இனி ஆணுக்கு. இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல, அதால விரிவாச் சொல்லுறன். வயசு போன ஆணின்ர மலவாசலைச் சுத்தி இருக்கிற தசை தளர்ந்து ஒரு பை மாதிரி ஆகும், அதுக்க மெத்தென்ற புழுக்கை தேங்கிக் கட்டியாகும். கினிபிக் அந்த மெத்தென்ற புழுக்கையைத் திருப்பித் தின்னுறது வழமை, அதிலதான் பி வைட்டமின் எல்லாம் கிடக்கு. தேங்கினால் அந்தச் சத்தும் போச்சு, நோவும் வரும். புட்டுவுக்கு நான் முதல்முதல் கண்டது, பின்பக்கம் ஒரு புளியங்கொட்டை அளவில புடைச்சு, கிட்டப் போனால் புளிச்ச மணம்.

துவாயில நிமித்தி வைச்சு, இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்ச பஞ்சை ரெண்டு நிமிசம் ஒத்திப் பிடியுங்கோ. பிறகு பஞ்சுக்குச்சியில தேங்காய் எண்ணெய் தொட்டு ஓரத்தைச் சுத்தி மெல்லத் தடவுங்கோ. இளகினவுடன கீழ இருந்து ரெண்டு விரலால மெல்ல அமத்தினால் புழுக்கைக் கட்டி தானா வெளியில வரும். இழுக்காதேங்கோ, கிழியும். வந்ததில மெத்தென்ற பாகம் இருந்தால் அதின்ர வாய்க்குக் கிட்டக் காட்டுங்கோ, உடன வாங்கித் தின்னும். பாக்க அருவருப்பா இருக்கும்தான், ஆனால் அதுக்கு அது மருந்து. தொடங்கினால் தினமும், இல்லாட்டி ரெண்டு நாளுக்கு ஒருக்கால், சாகும் வரைக்கும் செய்யோணும்.

பின்பக்கம் ஊத்தையா ஈரமா இருக்க விடாதேங்கோ. மாம்பழக் காலத்தில இலையான் கூட, ஈரத்தில முட்டை இட்டால் ஒரு நாளுக்குள்ள புழு வைச்சிடும். புழுக் கண்டால் அந்த நிமிசமே டொக்டர்.

7. எதுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம்

உடன போக வேண்டியது: வாயால மூச்சு வாங்கிறது, வயிறு மேளம் மாதிரி இறுகி ஊதினது, மூத்திரம் போக முக்கி ஒண்டும் வராதது, புழு, வெக்கை அடிச்சது, எழும்ப ஏலாம ஒருபக்கமாச் சரிஞ்சு கிடக்கிறது.

அண்டைக்கே போக வேண்டியது: 12 மணித்தியாலமாச் சாப்பிடாதது, புழுக்கை இல்லாதது, மூத்திரத்தில ரத்தம், மூத்திரம் போகேக்கக் கீச்சிடுறது, கழிச்சல், தலை ஒருபக்கம் சரிஞ்சது.

மூத்திரம் பற்றி ஒண்டு. காஞ்சால் வெள்ளைப் பவுடர் மாதிரி இருக்கிறது வழமை, பயப்பட வேண்டாம். விரலால தேய்க்க மணல் மாதிரி நெருடினால்தான் பிரச்சினை. பீற்றூட் தின்ற அண்டைக்குச் சிவப்பாப் போகும், அதையும் யோசியுங்கோ.

8. டொக்டரிட்ட போகேக்க

எங்கட பக்கத்து மிருக வைத்தியர் கூடுதலா மாடு, ஆடு, நாய், பூனை பாக்கிற ஆக்கள். அதால வருத்தம் வர முதலே ரெண்டு மூண்டு பேருக்குப் போன் எடுத்து, "கினிபிக் பாப்பீங்களோ டொக்டர், பல்லு வெட்டுவீங்களோ, எக்ஸ்ரே எடுக்க எங்க அனுப்புவீங்கள்" எண்டு கேட்டுக் கொப்பியில எழுதி வையுங்கோ. ஒப்பரேசன் மாதிரிப் பெரிய விசயமெண்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின்ர கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கு, ஆனால் ஏ9 ரோட்டால 300 கிலோமீற்றருக்கு மேல, சாப்பிடாமக் கிடக்கிற கிழட்டுக் கினிபிக்கை முதல்ல இஞ்ச திடப்படுத்தாம அவ்வளவு தூரம் கொண்டு போகேலாது.

போகேக்க மற்றக் கினிபிக்கையும் அதே பெட்டியில கொண்டு போங்கோ, பயம் குறையும். நிறைக் கொப்பி, அண்டைக்குப் போட்ட புழுக்கை ஒரு பேப்பரில, கொஞ்சம் புல்லு. நாய்களுக்குப் பக்கத்தில இருக்க வேண்டாம், நாயிலயும் முயலிலயும் இருக்கிற ஒரு கிருமி கினிபிக்குக்கு நெஞ்சுச் சளியைக் கொண்டு வரும்.

இப்ப மருந்து. அமொக்சிசிலின், அம்பிசிலின், பென்சிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், இதெல்லாம் வாயால குடுத்தால் குடலில இருக்கிற நல்ல கிருமியை அழிச்சுக் கெட்ட கிருமியை வளர விடும், சில நாளில கழிச்சலோட செத்துப்போகக்கூடும். எனக்கு ஒரு இடத்தில பிள்ளையளுக்குக் குடுக்கிற அமொக்சிசிலின் பாணி எழுதித் தந்தவை, "சின்ன மிருகம்தானே, கொஞ்சமாக் குடுங்கோ" எண்டு. நான் வீட்ட வந்து வாசிச்சுப் பாத்துக் குடுக்கேல்ல, குடுத்திருந்தால் புட்டு அந்தக் கிழமையே போயிருப்பான். சண்டை பிடிக்க வேண்டாம், மரியாதையாக் கேளுங்கோ: "டொக்டர், இது பென்சிலின் வகையோ, என்ரோஃபுளொக்சசின் இல்லாட்டி சல்பா வகை குடுக்கேலுமோ?" அந்த ரெண்டும் கினிபிக்குக்கு வழமையாக் குடுக்கிறது. அளவு டொக்டர்தான் நிறையைப் பாத்துச் சொல்லோணும்.

நோவுக்குப் பனடோலோ வேற மனுசக் குளிசையோ வீட்டில குடுக்காதேங்கோ. மெலொக்சிகாம் எண்ட மருந்தைப் பற்றிக் கேளுங்கோ, எங்கட கட்டி மூட்டு வாதத்துக்கு அதிலதான் ஒரு வருசம் ஓடினவன். நோ குறைஞ்சால்தான் சாப்பிடும், சாப்பிட்டால்தான் குடல் ஓடும், அதால நோ மருந்து ஆடம்பரம் இல்ல.

9. சிரிஞ்சால ஊட்டுறது

ஆரம்பிக்க முதல் ரெண்டு விசயம் பாருங்கோ. வயிறு மேளம் மாதிரி இறுகி இருந்தால் ஊட்டாதேங்கோ, உள்ள வாயு அடைச்சிருக்கு, மேல மேல போட்டால் கூடும், டொக்டரிட்ட போங்கோ. காதும் பாதமும் சில்லெண்டு இருந்தால் முதல்ல இளஞ்சூட்டுத் தண்ணிப் போத்தலைத் துணியில சுத்திப் பக்கத்தில வைச்சுச் சூடாக்குங்கோ, குளிர்ந்த உடம்பில குடல் வேலை செய்யாது.

பெலட் ரெண்டு மேசைக்கரண்டியைச் சுடுதண்ணியில கால் மணித்தியாலம் ஊறவிட்டு, கரண்டியால மசிச்சு, தேத்தண்ணி வடியால வடியுங்கோ. கஞ்சிப் பதம். தடிப்பா இருந்தால் சிரிஞ்ச் அடைச்சு, நீங்கள் அமத்த, திடீரெண்டு முழுக்கப் பாயும், அதால புரையேறிச் செத்தும் போகலாம். 1 மில்லி சிரிஞ்சின்ர நுனியை வெட்டி, ஓரத்தை நகம் தேய்க்கிற அரத்தால உரஞ்சி மழுக்கிப்போட்டால் தீனில இருக்கிற சின்னக் கட்டியளும் அடைக்காமப் போகும், முரசும் வெட்டாது.

நிமிந்து நிக்கிற மாதிரித் துவாயில சுத்தி மடியில இருத்துங்கோ. மல்லாத்தக் கூடாது. முன்பல்லுக்குப் பின்னால ஒரு இடைவெளி இருக்கு, பக்கவாட்டில இருந்து அதுக்குள்ளால விடுங்கோ. ஒருக்காலுக்கு 0.3 இல இருந்து 0.5 மில்லி. மெல்லுறதைப் பாருங்கோ, விழுங்கினால்தான் அடுத்தது. மூக்கால வந்தால் உடன நிப்பாட்டித் தலையைக் கொஞ்சம் கீழ சரியுங்கோ.

ஒரு கிலோ கினிபிக்குக்கு நாளுக்கு 50 இல இருந்து 80 மில்லி. அதை அஞ்சாறு தரமாப் பிரியுங்கோ. இரவில ஒரு தரம் எழும்பத்தான் வேணும், எட்டு மணித்தியாலம் வெறுங்குடல் எண்டால் பகல் முழுக்கப் பட்ட பாடு வீண். முதல் நாள் துப்பும், தலையைத் திருப்பும், நீங்களும் அழுவீங்கள். நான் முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில 6 மில்லிதான் ஊட்டினனான். மூண்டாம் நாள் புட்டு சிரிஞ்சைக் கண்டவுடன தானே வாயை நீட்டினவன்.

பக்கத்தில எப்பவும் புல்லு வைச்சிருங்கோ, தானாத் தின்னத் தொடங்கினால் அதுதான் நல்ல செய்தி. ஊட்டினாலும் நிறை இறங்கிக்கொண்டே போனால் அளவு காணாது, இல்லாட்டி மூல வருத்தம் பிடிபடேல்ல.

10. சோடியைப் பிரிக்காதேங்கோ

வருத்தக்காரனைத் தனிய வைச்சால் சாப்பாடு இன்னும் குறையும், பக்கத்தில ஒண்டு மென்று தின்னுற சத்தம்தான் மற்றதுக்குப் பசியைக் கிளப்புறது. தொத்து வருத்தம் எண்டு டொக்டர் சொன்னால் மட்டும் கம்பித் தடுப்புப் போட்டு, ஒண்டை ஒண்டு பாக்கிற மாதிரி வையுங்கோ.

11. விட வேண்டிய நேரம்

ஊட்டியும் விழுங்காம, நோ மருந்துக்கும் நோ அடங்காம, ஊத்தையில இருந்து விலகக் கூட ஏலாமக் கிடந்தால் டொக்டரிட்ட நோவில்லாமச் சாக விடுற ஊசியைப் பற்றிக் கதையுங்கோ. முதல்ல மயக்கம் குடுத்துப் பிறகு போடச் சொல்லிக் கேளுங்கோ. அதுவரைக்கும் நோ மருந்தை நிப்பாட்டாதேங்கோ. புட்டுவை நான் ரெண்டு நாள் பிந்தித்தான் கொண்டு போனனான், அந்த ரெண்டு நாளும் அவனுக்காக இல்ல, எனக்காக. அதை நினைக்க இப்பவும் மனம் அடைக்கும், அதாலதான் நீங்கள் பிந்தாதேங்கோ எண்டு சொல்லுறன்.

உடம்பை வீட்ட கொண்டு வந்தால் ஒரு அரை மணித்தியாலம் கூட்டுக்க மற்றதுக்குப் பக்கத்தில வையுங்கோ. மணந்து பாக்கும், சுத்தி வரும், பிறகு விலகிப் போகும். காட்டாம எடுத்தால் கன நாள் தேடக்கூடும். வளவில தாக்கிறதெண்டால் ரெண்டு அடிக்குக் குறையாமக் கிண்டி, மேல கல்லு வையுங்கோ, இல்லாட்டி நாய் கிளறும், கிணத்தடிக்குக் கிட்ட வேண்டாம்.

அடுத்த நாள் காலமை மிச்சமிருக்கிறதைத் தராசில வையுங்கோ. கட்டி அந்தக் கிழமை 70 கிராம் இறங்கினவன், எட்டாம் நாள்தான் கொத்தமல்லித் தண்டை வாங்கினவன்.